பேசாதிருந்த பிள்ளை: கணித மேதை இராமானுஜனின் வாழ்க்கை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டைக் கொண்டாடும் இவ்வேளையில், இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். வைத்தியர் என்பதால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதுவோம் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் எமது நினைவு கணித வகுப்பு நடந்த அறைக்குப் போயிற்று. அந்த அறையின் பின்சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கோட்டு அணிந்து, அகன்ற கண்களோடு நேரே பார்க்கும் ஒரு மனிதர். கணக்குப் பிழைத்த மாணவியைத் திரும்பி அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வார் எமது ஆசிரியை. பெருக்கலில் தவறியவளுக்கு ஒரு மேதையின் முகம் என்ன உதவி செய்யும் என்பது எமக்கு அப்போது விளங்கவில்லை.

சீனிவாச இராமானுஜன் இங்கிலாந்து சென்றதும் பெரும் பட்டங்கள் பெற்றதும் இளமையிலேயே இறந்ததும் எமக்குச் சொல்லப்பட்டன. அவர் மூன்று வயது வரை பேசாத பிள்ளையாக இருந்தார் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. வைத்தியம் படித்து, சிறு பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நிலைக்கு வந்த பின்புதான் அதனை அறிந்தோம். லுணுகலையிலும் அடாவத்தை, ஹொப்டன், மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலும் பேச்சு வராத பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் தாய்மாரைக் காணும்போதெல்லாம் அந்தச் சுவர்ப்படம் எமது நினைவுக்கு வருகிறது. ஆதலால் அவரது வாழ்க்கையை அந்தப் பேசாத பிள்ளையிலிருந்தே தொடங்குகிறோம்.

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடைவைக் கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடியவர், மனவுறுதி மிக்கவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் சிறிய வீடு, சொற்ப வருமானம். பிள்ளைக்கு இரண்டு வயதாகும் வேளையில், 1889இல், பெரியம்மை கண்டது. அவ்வாண்டு தஞ்சை மாவட்டத்தில் பலரைக் கொண்டுபோன நோயிலிருந்து அவர் தழும்புகளோடு தப்பினார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்துபோயின. அந்த வீட்டில் நெடுங்காலம் அவர் ஒற்றைப் பிள்ளை.

அந்த ஒற்றைப் பிள்ளைதான் பேசவில்லை. வயது மூன்றாகியும் வாய் திறந்து சொல் வரவில்லை. வேறு சில பழக்கங்களும் அவருக்கு இருந்தன. வீட்டிலுள்ள பித்தளை, செப்புப் பாத்திரங்களையெல்லாம் எடுத்து வந்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசையாக அடுக்கி வைப்பார். விரும்பிய உணவு கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளுவார். கோயிலில் அல்லாமல் வேறெங்கும் சாப்பிட மறுத்த காலமும் உண்டு. மூன்று குழந்தைகளைப் பறிகொடுக்கப் போகும் அந்தத் தாய்க்கு, மிஞ்சியிருந்த இந்தப் பிள்ளை ஊமையாகிவிடுமோ என்ற பயம் எப்படியிருந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்ற எவரும் அறிவர்.

கோமளத்தம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அப்போது காஞ்சிபுரத்தில் இருந்த தம் தகப்பனாரிடம் போனார். அங்கே பாட்டனாரின் வயோதிப நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். பிள்ளை பேசும்வரை காத்திராமல் எழுத்தைத் தொடங்கிவிடுங்கள் என்பதே அது. தரையில் அரிசியைத் தடிப்பாகப் பரப்பினார்கள். பாட்டனார் பேரனின் கையைத் தம் கைக்குள் பிடித்து, அரிசியில் எழுத்தை வரையச் செய்தார். ஒவ்வோர் எழுத்தை வரையும்போதும் அதன் ஒலியை உரக்கச் சொன்னார். எமது வீடுகளில் விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது செய்யும் அதே சடங்குதான். அங்கே அது ஒருநாட் சடங்காக நின்றுவிடாமல் நாளாந்தப் பயிற்சியாயிற்று. அதிக காலம் செல்லவில்லை. ஊமை என்ற பயம் நீங்கியது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 என்று பிள்ளை எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். 1892 ஒக்டோபர் 1ஆம் திகதி, விஜயதசமியன்று, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டார்.

அரிசியில் எழுதியதால்தான் பேச்சு வந்தது என்று ஒரு வைத்தியர் சொல்ல முடியாது. அப்பிள்ளை தானாகவே பேசும் பருவத்தை எட்டியிருக்கவும் கூடும். ஆயினும் அந்த முதியவர்கள் செய்ததை இன்று ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்தால் தலையசைப்பார். பெரியவர் ஒருவர் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கித் தரையில் அமர்கிறார். இருவர் கண்ணும் ஒரே பொருளில் பதிகின்றன. ஒரே ஒலி, ஒரே வடிவம், ஒரே தொடுகை திரும்பத் திரும்ப வருகின்றன. பேசு பேசு என்ற வற்புறுத்தல் இல்லை. பாத்திரங்களை வரிசையாக அடுக்குவதில் இன்பம் கண்ட பிள்ளைக்கு, வரிசை தவறாத எழுத்துகளை அடுக்கிக் கொடுத்தார்கள். பிள்ளை எந்த வழியால் வர விரும்பியதோ அந்த வழியிலேயே போய் அதை எதிர்கொண்டார்கள்.

இந்த இடத்தில் எமது தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். வைத்தியராகிச் சில ஆண்டுகளே ஆன காலத்தில், தோட்டக் கிளினிக் ஒன்றில், கொழுந்தெடுக்கும் தாயொருவர் இரண்டரை வயது மகனைக் கொண்டுவந்தார். ஒரு சொல்லும் வரவில்லை என்றார். வெளியே நீண்ட வரிசை காத்திருந்தது. நாம் சிரித்துக்கொண்டே இராமானுஜனின் கதையைச் சொன்னோம். அவ்வளவு பெரிய மேதையே மூன்று வயதில்தான் பேசினார், பயப்படாமல் காத்திருங்கள் என்று தைரியமூட்டி அனுப்பினோம். அந்தத் தாய் எமது வார்த்தையை நம்பிக் காத்திருந்தார். பிள்ளைக்கு நான்கு வயது நெருங்கும்போதுதான் இரண்டு காதும் கேட்கவில்லை என்பது தெரியவந்தது. கதவு தட்டினால் திரும்பியது அதிர்வை உணர்ந்தே தவிர ஒலியைக் கேட்டல்ல. பேச்சைப் பற்றிக்கொள்ள மிக உகந்த பருவத்தில் ஒன்றரை ஆண்டு எமது நல்லெண்ணத்தால் வீணாயிற்று. கதையில் பாதியைத்தான் அன்று நாம் சொல்லியிருந்தோம். இராமானுஜனின் தாயார் காத்திருக்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார் என்ற மறுபாதியை விட்டுவிட்டோம்.

பேசாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். சொல்வதெல்லாம் விளங்கி, சைகையால் கேட்டு, சுட்டிக் காட்டி, சிரித்து, சொல் மட்டும் பிந்தி வரும் பிள்ளை ஒன்று. காது கேளாத பிள்ளை இன்னொன்று. வீட்டில் வாய் ஓயாமல் பேசி, வெளியார் முன் ஒரு சொல்லும் பேச முடியாமல் உறைந்துபோகும் பிள்ளையும் உண்டு. அதனைப் பிடிவாதம் என்று அடிப்பவர்களும் உண்டு. சொற்கள் இருந்தும் அவற்றைப் பிறரோடு பகிரப் பயன்படுத்தாது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது, பொருட்களை அடுக்குவதிலும் சுழற்றுவதிலும் ஆழ்ந்திருக்கும் பிள்ளையும் உண்டு. இவ்விறுதி வகைப் பிள்ளைகளை 1920களிலேயே மொஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் வைத்தியர் விரிவாக விவரித்தார். பின்னர் 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகே ஓட்டிசம் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. இராமானுஜனுக்கும் அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் இருக்கிறார்கள். நாம் கண்டு பரிசோதிக்காத, இறந்து நூறாண்டு கடந்த ஒருவருக்கு நோய்ப்பெயர் எழுத எமது பேனா துணியாது. அவர் தமக்கேயுரிய வழியில் மனிதரோடு பழகிய ஒரு பிள்ளை என்பதை மட்டும் அவரது வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

பள்ளிக்கூடம் அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆசிரியரைப் பிடிக்காமல் பள்ளி மாறினார். சென்னையில் சிறிது காலம் இருந்தபோது, பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளையைப் பயமுறுத்தி அனுப்பப் பொலிஸ்காரர் ஒருவரின் உதவியை வீட்டார் நாடினர். பெற்றோர் அவரை வெளியே விளையாட விடுவது குறைவு. தேடி வரும் தோழர்களோடு தெருப்பக்கத்து யன்னல் வழியாகவே பேசுவார். விளையாட்டில் நாட்டம் இல்லை. உலகில் முதல் மனிதன் யார், மேகத்துக்கும் மேகத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பன போன்ற கேள்விகளைக் கேட்பார். தாயாரோடு மட்டும் கூழாங்கற்களை வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். இருவர் எதிரெதிரே அமர்ந்து, மாறி மாறிக் காய் நகர்த்தும் விளையாட்டு அது; பேச்சும் இவ்வாறு முறை வைத்து நடப்பதுதானே.

1897இல், பத்து வயது நிறையுமுன், ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். அடுத்த ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பதினாறாவது வயதளவில் கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திர நூலொன்று கைக்குக் கிடைத்தது. அதிலிருந்த ஆயிரக்கணக்கான முடிவுகளைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கியவருக்கு மற்றப் பாடங்கள் மறந்தன. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்த புலமைப்பரிசில் ஆங்கிலத்தில் தவறியதால் பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் பரீட்சையில் தேறவில்லை. கடதாசி வாங்கப் பணமில்லை. திண்ணையில் அமர்ந்து சிலேற்றில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். 1909இல் ஜானகியை மணந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞரானார்.

அவர் பேசிய கணிதம் அருகிலிருந்தவர்களில் அநேகருக்கு விளங்கவில்லை. ஆகவே தூரத்தில் இருந்தவர்களுக்கு எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருவருக்கு எழுதிப் பயன் கிட்டவில்லை. 1913 ஜனவரியில் ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார். நிறுவல்கள் இல்லாமல் சூத்திரங்களாகவே நிறைந்த கடிதம். அதை ஒதுக்கிவிட ஹார்டிக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ தம் நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து, வரிவரியாகப் படித்து, எழுதியவர் பெருங் கணிதவியலாளர் என்று கண்டுகொண்டார். பாட்டனார் அரிசியில் செய்ததைத்தான் ஹார்டி கடிதத்தில் செய்தார் என்று எமக்குத் தோன்றுகிறது. தம் வழக்கப்படி அல்லாது வந்த பேச்சைப் பேச்சு என்று ஏற்றுக்கொண்டார்.

1914 மார்ச் 17ஆம் திகதி இராமானுஜன் சென்னையில் கப்பலேறினார். அந்தக் கப்பல் எமது கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டுக்கொண்டு இங்கிலாந்து சென்றது. கேம்பிரிட்ஜில் ஹார்டியும் அவரும் ஏறக்குறைய நாள்தோறும் சந்தித்தார்கள். எண்களைப் பற்றி எல்லாம் பேசினார்கள். மற்றவை பற்றி அதிகம் பேசவில்லை. ஹார்டியும் மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். பின்னாளில் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த இராமானுஜனை ஒருநாள் பார்க்கப் போனவர், அவர் மேலங்கியோடு போர்வைகளின் மேலே படுத்துறங்குவதை அறிந்தார். கட்டிலில் ஒழுங்காகச் செருகி வைத்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அதை அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை. எண்களின் ஆழத்தைக் கண்டவருக்குக் குளிர்கிறது என்று ஒருவரிடம் சொல்ல முடியவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. நண்பர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையால் சமைத்துப் பரிமாறினார். ரசத்தை மூன்றாம் முறை பரிமாற வந்தபோது பெண்கள் போதும் என்றனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. வாடகைக் காரில் ஏறி ஒக்ஸ்போர்ட் போய்விட்டார். சில நாட்கள் கழித்தே திரும்பினார். தம் உணவை மறுத்தது தம்மை அவமதித்ததாகப் பட்டுவிட்டது. வயிறு நிறைந்தவர் போதும் என்பதற்கும் பிடிக்கவில்லை என்பதற்கும் இடையிலுள்ள நூலிழை வேறுபாடு சிலருக்கு இயல்பாகவே தெரியும். சிலருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அறிவின் அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

போர்க்காலம், மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, குளிர், தனிமை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவரை வந்தடையாதபடி தாயார் தடுத்துவிட்டார். மகனின் வாய் திறக்க ஊர்விட்டு ஊர் அலைந்த அதே அன்பு, பின்னாளில் மருமகளின் சொல்லுக்குக் கதவடைத்தது. தாய்மாராகவும் மாமியாராகவும் ஆகிவிட்ட எமது தோழியர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1917இல் நோய் வீழ்த்தியது. காசநோய் என்று வைத்தியம் செய்தார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் ஒருவரின் கருத்து. 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளராகவும் தெரிவானார். 1919இல் நாடு திரும்பினார். படுக்கையிலிருந்தபடியே எழுதினார், 1920 ஜனவரியில் ஹார்டிக்கு ஒரு புதிய கண்டுபிடிப்பை எழுதி அனுப்பினார். ஏப்ரல் 26ஆம் திகதி சென்னையில், 32ஆவது வயதில், காலமானார். அக்கடைசி நாட்களில் அருகிருந்து பராமரித்தவர் ஜானகி. அக்காலத்தில் எழுதப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. கணிதவியலாளர்கள் அவற்றைப் படித்து முடிக்கப் பல ஆண்டுகள் எடுத்தார்கள்.

இனி எமது மலைக்கு வருவோம். காலையில் தாய் கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறுமுன் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்கிறாள். அங்கே ஓர் ஆயாவுக்குப் பல பிள்ளைகள். அழுகிற பிள்ளையைத் தூக்குவார்கள். ஓடுகிற பிள்ளையைப் பிடிப்பார்கள். மூலையில் பேசாமல் அமர்ந்து போத்தல் மூடிகளை அடுக்கும் பிள்ளை தொந்தரவில்லாத நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும். மாலையில் களைத்து வரும் தாயும் அதைக் கேட்டுத் திருப்தியடைவாள். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும். நாவில் வசம்பு உரைத்துத் தடவுவார்கள். அப்பன் பரம்பரையில் எல்லோரும் பிந்தியே பேசினார்கள் என்பார்கள். தமிழும் சிங்களமும் சேர்ந்து காதில் விழுவதால்தான் குழம்பிப் போயிற்று என்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. லுணுகலைக் கடைவீதியில் இரு மொழியும் பேசித் திரியும் பிள்ளைகளே அதற்குச் சாட்சி.

ஒரு வயதளவில் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்ப வேண்டும். அதையொட்டிய மாதங்களில் விரும்பியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். ஒன்றரை வயதளவில் சில சொற்களும், இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதும் வர வேண்டும். இவை இல்லையெனில், அல்லது வந்த சொற்கள் மறைந்துபோனால், மூன்று வயதை எதிர்பார்த்திருக்க வேண்டாம். மிட்வைஃப் அக்காவிடம் சொல்லுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கையோடு கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். முதலில் காதைச் சோதிக்கக் கேளுங்கள். வைத்தியர் சிரித்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னால், இன்னொரு தடவை கேளுங்கள். இதை எழுதும் உரிமை எமக்கு உண்டு; அவ்வாறு சிரித்தவர்களில் நாமும் ஒருவர்.

அன்று எம்மிடம் வந்த பிள்ளைக்குப் பின்னர் காது கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. பேச்சு மெல்ல வந்தது, முழுமையாக வரவில்லை. கையால் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டான். அவனுடைய தாய் இன்றும் எம்மைக் கண்டால் அன்போடு விசாரிக்கிறார். அந்த அன்பை ஏற்றுக்கொள்வது எமக்கு இலகுவாக இருப்பதில்லை.

எமது வகுப்பிலும் அப்படியொருத்தி இருந்தாள். ஆறாம் ஆண்டில் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்தவள், முதல் தவணை முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. நாம் அவளைக் கேலி செய்தோம். கணித ஆசிரியை அவளிடம் விடையைக் கேட்பதை நிறுத்திவிட்டு, சோக்குக் கட்டியைக் கையில் கொடுத்தார். அவள் கரும்பலகையில் எழுதினாள், சரியாக எழுதினாள். இரண்டாம் தவணையில் எழுதியதை மெல்ல வாசித்தாள். அவள் இம்மலரைப் படிக்கும்போது தன்னை அடையாளம் கண்டுகொள்வாள். எமது கேலியை மன்னிப்பாள் என்றும் நம்புகிறோம். பின்சுவர்ப் படத்தை ஆசிரியை எதற்காகப் பார்க்கச் சொன்னார் என்பது எமக்கு இப்போது விளங்குகிறது.

நூறு ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளை ஒருங்கிணைத்துவரும் எமது சங்கத்தில் தாய்மாரும் ஆசிரியைகளும் தாதியரும் முன்பள்ளி நடத்துவோரும் இருக்கிறோம். அடுத்த முறை பேசாத பிள்ளையொன்றைக் காணும்போது, அதனருகே தரையில் ஒருகணம் அமர்வோம். பின்னர் அதன் தாயோடு கிளினிக் வரை நடப்போம். சங்கம் மென்மேலும் வளர வாழ்த்துகிறோம்.